பாடைச்சுழிக் கல்

தொண்ணூறுகளின் நடுவில், பத்து வயதில், காலாண்டு விடுமுறைக்குப் போத்தனூரிலிருந்து அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய் நடத்தினார். அந்த வாரம் அரியலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்திறங்கிய கற்குவியலில், கடலையே பார்த்திராத அந்த ஊரில், கல்லாய்ப்போன கடல் பிராணிகள் கிடந்தன.

பள்ளி திறந்ததும் அறிவியல் கண்காட்சி. ஆசிரியை இரவல் தந்த புத்தகத்தின் படங்களோடு ஒப்பிட்டுப் பெயரெழுதி ஒட்டினேன். விளிம்பு மடிந்தது சிப்பி. உச்சியில் ஐந்து இதழ்ப் பூ பதிந்தது கடல் முள்ளெலி. மூன்றாம் நாள்தான் அது அகப்பட்டது: சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், கிடாயின் கொம்புபோல் சுருண்டு, நெடுக வரியோடிய கல். அம்மோனைட். புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம்.

சில்லுகளை அனுமதித்த அத்தை இதை மறுத்துவிட்டார். ஒன்றை விட்டால் ஆளாளுக்குக் கேட்பார்களாம். "காளவாய்க்கு வந்த கல்லு சுண்ணாம்பாத்தான் வெளிய போவோணும், அம்மணி." மாலையில் தீ மூட்டுவதாக இருந்தது. மனு, மேல்முறையீடு, உண்ணாவிரதம் என்று முறைப்படி எல்லாம் செய்தேன். உண்ணாவிரதம் பதினொரு மணிக்குப் பணியாரத்தில் முறிந்தது.

மாமா மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவர். மாட்டின் மயிர்ச்சுழியைப் பார்த்து, அதை வாங்கும் வீடு விளங்குமா என்று சொல்வார். நாலு ஊரில் அதற்கு மறுபேச்சில்லை. கல்லை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். காளவாய் ஆட்கள் கூடிவிட்டார்கள். காளையைப் பார்ப்பதுபோல் மூன்று சுற்று வந்தார், தடவினார், பல்லைக்கூடத் தேடினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"பாடைச்சுழி, புள்ள. இத நெருப்புல வெச்சா ஊடு வெளங்காது."

ஆட்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அத்தை மாமாவைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏனுங்க, அப்ப இது இங்க ஆவாதுங்களே. கண்ணு, நீயே உங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு."

காங்கேயத்திலிருந்து ஊர்வரை பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, அழகான கல்லுக்கு மாமா அவப்பெயர் சூட்டிவிட்டாரே என்று பொருமிக்கொண்டே வந்தேன். சுழி விஷயத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்பது தெரியாது. பாடைச்சுழி என்று நம்பிய பொருளைத் தன் அண்ணன் வீட்டுக்கே கொடுத்தனுப்பும் தங்கை கொங்கு நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பதும் தெரியாது.