இன்டர்வெல்லில் செத்த மாரி

புரொட்யூசர் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுவார் என்று போன் வந்தபோது எங்கள் கையில் பாதிக் கதைதான் இருந்தது. மீதிப் பாதியும் எழுதியாகிவிட்டது, ஆனால் அதைக் கதை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

புதிதாக உதவி இயக்குநராகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சினிமாவில் ரூம் போட்டுக் கதை பேசுவதற்கு டிஸ்கஷன் என்று பெயர். மகாபலிபுரத்தில் ரூம் போட்டால் பாதி நேரம் கடலைப் பார்ப்பதிலேயே போய்விடும். அதனால் டைரக்டர் இளங்கோ திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீடு பிடித்தார். அங்கே மலைக்கோயிலுக்குப் போய்வந்தால் அப்புறம் கதை பேசுவதைத் தவிர வேலை இல்லை. இளங்கோ, அசோசியேட் டைரக்டர் பிரகாஷ், வசனம் எழுத நான், அவ்வளவுதான் ஆட்கள்.

இளங்கோவின் முதல் படம் ஓடவில்லை. அதற்கப்புறம் அவரிடம் கதை கேட்க ஆளில்லை. மனைவி ரேவதியின் ஐ.டி. சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. இந்தப் புரொட்யூசரும் கைவிரித்துவிட்டால் சினிமாவை விட்டுவிடுகிறேன் என்று ரேவதியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அன்றன்றைக்குப் பேசிய கதையை ராத்திரி அவளிடம் போனில் சொல்லிவிடுவார்.

கதை இதுதான்: திருட்டுப்போன தன் லாரியைத் தேடிப் போகிறான் ஒரு டிரைவர். கூடவே கிளீனர் மாரி. மாரி ஒரு வாயாடி, நல்ல சாப்பாட்டு ராமன்.

மாரியைப் போட்டோம்

முழுக்கதையையும் ஒருமுறை பேசி முடித்தபோது இன்டர்வெல் சீன் மட்டும் சப்பென்று இருந்தது. பிரகாஷ் திடீரென்று எழுந்து, "தல, இன்டர்வெல்ல மாரியப் போட்டுர்லாமா?" என்றான். போடுவது என்றால் கொல்வது. எங்கள் தொழிலில் உயிருக்கு அவ்வளவுதான் மரியாதை. இளங்கோவின் முகத்தைப் பார்க்காமலே நான் கைதட்டிவிட்டேன். தியேட்டரே ஆடிப்போகும் என்று நாங்களே பேசி நாங்களே பூரித்துக்கொண்டோம்.

அதோடு செகண்ட் ஹாஃப் படுத்துவிட்டது. லாரியைத் தேடப் போனவன் பழிவாங்கக் கிளம்பிவிட்டான். எந்த சீனைத் தொட்டாலும் அழுகை, இல்லாவிட்டால் அரிவாள். மாற்றி மாற்றி எழுதினோம். ஒரு வெர்ஷனில் மாரி செத்தான், இன்னொன்றில் கோமாவில் கிடந்தான், மறுபடியும் செத்தான். புரொட்யூசர் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும், சரி, சாகட்டும் என்று முடிவு கட்டினோம்.

பாய் வந்தார்

புரொட்யூசர் காஜா பாய் செங்கல்பட்டில் டைல்ஸ் வியாபாரம் செய்பவர். சினிமாவுக்குப் புதுசு. பிரியாணியை முடித்துவிட்டு, "சொல்லுபா" என்று சாய்ந்து உட்கார்ந்தார். காகிதத்தைப் பார்க்காமல் முழுப் படத்தையும் டைரக்டர் தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கம் அது. நரேஷன் என்போம்.

ஃபர்ஸ்ட் ஹாஃப் முழுக்க பாய் சிரித்துக்கொண்டே இருந்தார். மாரி செத்ததும் சிரிப்பு போயிற்று. கொஞ்ச நேரத்தில் மோதிரத்தைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். இளங்கோவுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தப் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டினார்.

"கட் பண்ணா, நெம்மேலி பீச் ஓரம் ஒரு கடை. டிரைவர் டல்லா உக்காந்திருக்கான். மாரி சொல்றான், 'அண்ணே, லாரி எங்க போய்டப் போகுது? அதுக்குள்ள இன்னொரு பரோட்டா சொல்லவா?'"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் பிரகாஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாயின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னாபா இது? அவன்தான் அப்பவே பூட்டானே?"

பிரகாஷ் முந்திக்கொண்டு, "அது ஃபிளாஷ்பேக் பாய்" என்றான். மாட்டிக்கொண்டால் எங்கள் ஆட்கள் வாயில் முதலில் வருவது இதுதான்.

"செத்தவன் ஃபிளாஷ்பேக்ல வந்து பரோட்டா துன்னுகினு கீறானா? பேஜாரு பண்ணாதபா."

இளங்கோ தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க பாய். பழைய வெர்ஷன் வாயில வந்துடுச்சு. அதுல மாரி சாக மாட்டான். இன்டர்வெல்லுக்காக நாங்கதான் கொன்னுட்டோம்."

கதை முடிந்தது என்று நான் லேப்டாப்பை மூடினேன். இளங்கோ இனி வீட்டுக்குப் போய் என்ன சொல்வார் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

"ஏன்பா கொன்னீங்க?" என்றார் பாய். நிஜமாகவே கோபம். "அவன் பூட்டதுலேர்ந்து நீ சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறல. உனக்கு அவன் சாவணுமா?"

"வேணாம் பாய்." இளங்கோ யோசிக்கவே இல்லை.

"அப்போ உசுரோட வெச்சிகினு முழுசா சொல்லு."

இளங்கோ பழைய செகண்ட் ஹாஃபை மாரியோடு சொன்னார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. லாரி கிடைக்கும் இடத்தில் பாய் தொடையைத் தட்டி, "பண்லாம்பா. ஆபீஸ் போட்டுடு" என்றார். ஆபீஸ் போடு என்றால் படம் உறுதி. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பிரகாஷ் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இளங்கோ அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ரேவதி, மாரி சாகல. உயிரோடதான் இருக்கான்."

"அப்பாடா!" என்றது அந்தப் பக்கம். அதற்கப்புறம்தான், "ஏங்க, படம்?" என்று கேட்டாள் ரேவதி.

பிள்ளைகளே, டிஸ்கஷனில் ஒரு ஐடியாவுக்குக் கைதட்டல் விழுந்தால் இப்போதெல்லாம் நான் டைரக்டரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அந்த முகம் வாடினால், ஐடியா எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நாம் ரூமைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கதையோடு குடித்தனம் பண்ணப்போவது அவர்தான்.