மேட்டில் வெட்டிய வாய்க்கால்

மூக்கனை முதலில் கண்டபோது விசர் பிடித்தவர் என்றே நினைத்தேன். ஒட்டுசுட்டானுக்கு மேற்கே, காட்டு வண்டில் பாதையின் நடுவில் நின்று தேநீர்க் கேத்தல் தண்ணீரை நிலத்தில் ஊற்றிக் காட்டினார். பாதி இந்தப் பக்கம் ஓடியது, பாதி அந்தப் பக்கம். மேற்கே ஓடுவது கனகராயன் ஆற்றில் சேர்ந்து சுண்டிக்குளம் போகும், கிழக்கே ஓடுவது தன் குளத்துக்கு வந்து பிறகு நந்திக்கடல் போகும் என்றார். முழங்கால் உயரமும் இல்லாத மேடு அது. சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் சிரித்தோம்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து மேட்டின் மேற்குச் சரிவில் பதினொரு கொட்டில் போட்டிருந்தோம். கிழக்கே, கீழே, மூக்கனின் சின்னக் குளம். குளக்கட்டுக்கு அடியில் எட்டு வீடுகள். ஒன்றில் அவருடைய மகள் அருந்ததி கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தக் கட்டை முப்பது வருடம் காத்தவர் அவர். அதில் யாருடைய மண்வெட்டியும் படக்கூடாது. ஆடு ஏறினாலே சண்டைக்கு வருவார்.

மறுவருடம் கார்த்திகையில் எங்கள் கொட்டில்களுக்குள் வெள்ளம் வந்தது. மேற்கே வடிய வழியில்லை. சண்டைக்காக அங்கே மண் அணை எழுப்பியிருந்தார்கள், அதைச் சுற்றி மிதிவெடி என்று கதை. மேட்டை வெட்டிக் கிழக்கே விடுவோம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் ஊரில் ஆறு இல்லை. தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுண்ணாம்புக்கல் நிலம் குடித்துவிடும். எல்லா மண்ணும் அப்படித்தான் என்று நினைத்த புத்தி என் புத்தி.

வெட்டி முடித்ததும் மூக்கன் வந்து கெஞ்சினார்.

"தம்பி, இது எங்கட குளத்துக்கு வாற தண்ணியில்லை. குளம் தாங்காது. மூடிவிடுங்கோ."

மழை விடட்டும் என்றேன். அவர் தானே மூடினார். நாங்கள் திரும்ப வெட்டினோம். பிள்ளைகள் ஈரத்தில் கிடக்கிறார்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நாலே நாளில் வாய்க்கால் எங்கள் சொல் கேட்பதை விட்டுவிட்டது. தானாகவே அகன்றது, ஆழமானது. மேற்குப் பள்ளத்துத் தண்ணீரெல்லாம் அதனூடாக இறங்கியது. தூரத்தில் விழுந்த ஷெல்லைவிட அந்த இரைச்சலுக்கே நான் பயந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூக்கன் அருந்ததியையும் குழந்தையையும் என் கொட்டிலில் கொண்டுவந்து விட்டார். கட்டு கசியத் தொடங்கிவிட்டது, மற்ற வீட்டாரைக் கூட்டிவர நேரமில்லை, காட்டுப் பக்க முனையில் கட்டை வெட்டிவிடப் போகிறேன் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"மூக்கண்ணை, நானும் வாறன்."

"வேண்டாம் தம்பி. நீங்கள் வெட்டினது போதும்."

பொழுதுபடுமுன் இரைச்சல் காட்டுப் பக்கம் திரும்பியது. எட்டு வீடும் தப்பின. வெட்டின இடத்தில் கட்டு அவருடைய காலடியிலேயே சரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், இரண்டு மைல் தள்ளிக் காட்டுக்குள் அவருடைய உடலைக் கண்டெடுத்தோம்.

மழை விட்டதும் வாய்க்காலை மூடினோம். அருந்ததி குழந்தையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு கொட்டில் ஆட்களுக்கு அது அரைநாள் வேலை.