நலம் என்று சொல்லிவிட்ட பத்து நாட்கள்

இத்தாள்களைக் கையில் எடுத்துப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

பெருங்கடலில் பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டு முப்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். பிறந்ததும், இப்போது வசிப்பதும் திண்டுக்கல் பேகம்பூரில். இங்கிருந்து அரை நாள் பேருந்தில் அமர்ந்தால்தான் கடலைக் கண்ணால் காண முடியும். ஆகையால் இத்தொழிலுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை.

எங்கள் குடும்பத்தாருக்குத் தோல் வியாபாரம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற நான், தோல் தைக்கக் கற்றுக்கொண்டேன். இருபத்தேழாம் வயதில் சரக்கோடு சென்னைக்குச் சென்றிருந்தபோது, துறைமுகத்தருகே ஒருவர் தம் படகின் சுக்கான் சக்கரத்துக்குத் தோலுறை போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தோலை ஈரமாக வைத்துத் தைத்தால் உலரும்போது தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உறை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்னையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனார். குடலே வெளியில் வந்துவிடும்போல் வாந்தியெடுத்தேன். ஆயினும் மறுநாள் அவர் வருவதற்கு முன்பே படகருகில் போய் நின்றேன். ஏன் என்று இன்றளவும் எனக்குத் தெளிவாக விளங்கவில்லை. ஓரிடத்தில் உட்கார இயலாத உடம்பு எனக்கு வாய்த்திருந்தது. ஒரு கணமும் அசையாமல் நிற்காத தரை ஒன்று காலுக்குக் கிடைத்துவிட்டது. அவ்வளவே.

பின்னர் அவர் வழியாக வேறு படகுகள், வேறு தேசங்கள். கிழிந்த பாயைக் கடலிலேயே தைத்துச் சீர்செய்வதும், என் முறை வரும்போது சுக்கான் பிடிப்பதும் என் வேலைகளாயின. எட்டுப் பேர், வாரக்கணக்கில் கரை காணாமல், நான்கு மணி நேரம் வேலையும் நான்கு மணி நேரம் உறக்கமுமாக ஓடுவோம். என் தம்பிக்கு இதை விளக்கி முடிந்தபாடில்லை.

“சரக்கு ஏத்த மாட்டீக. ஆளும் ஏத்த மாட்டீக. இஞ்சினையும் ஓட்ட மாட்டீக. பெறகு எதுக்குண்ணே போறீக?” என்றான் ஒருமுறை.

“மத்தவனுக்கு முன்னாடி போய்ச் சேரத்தான்.”

“எங்க?”

“சில சமயம் கிளம்புன எடத்துக்கே.”

அவனுடைய தோல் கடையில் இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் வயதில் ஊர் திரும்பினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, இவ்வாண்டு ஆனி மாதத்தில் ஒரு முற்பகலில், கேப்டனிடமிருந்து தொலைபேசி வந்தது. கேப்டன் என்று நான் சொல்பவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பதினோரு ஆண்டுகள் என்னோடு ஒரே நான்கு மணி நேர முறையில் வேலை செய்தவர். தென்துருவத்தை ஒட்டிய தென்கடலின் குளிரில் ஒருநாள் பெரிய பாய் கிழிந்தபோது, நான் ஆறு மணி நேரம் பாயோடு தொங்கித் தைத்தேன்; என் இடுப்பு வாரை விடாமல் பிடித்திருந்தவர் அவர். இப்போது அவருக்குச் சொந்தமாகப் படகு அமைந்திருந்தது. பந்தயம் இருபது நாட்களில் தொடங்குவதாகவும், பாய் தைக்க ஒருவரும் சரியாக அமையவில்லை, நான்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். முடிவில், “உடம்பு எப்படி? கைகள் நன்றாக இருக்கின்றனவா?” என்று கேட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ், நலம்” என்றேன்.

எங்கள் வழக்கத்தில் நலம் விசாரிப்போருக்குச் சொல்லப்படும் மறுமொழி அது ஒன்றே. காய்ச்சலில் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். இறைவனுக்குச் செலுத்தும் நன்றியேயன்றி அது மருத்துவர் தரும் சான்றன்று. ஆனால் கேப்டன் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு என் பெயரைச் சேர்த்துவிட்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மை என்னவெனில், எட்டு மாதங்களாக என் வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போயிருந்தன. நரம்பு அழுந்துகிறது என்றும், அறுவை செய்தாலும் முழு உணர்வும் திரும்புமென உறுதி கூற இயலாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

என் மனைவிக்கு அனைத்தும் தெரியும். “இம்புட்டு நாளா நம்ம வீட்டுல ஒரு கிளாசு ஒடஞ்சதில்ல. இந்த வாரத்துல மூணு. அந்த ஆளுக்கிட்டச் சொன்னீகளா, இல்லையா?” என்றாள்.

“சொல்றேன்.”

“எப்ப? நடுக்கடல்ல நின்னுக்கிட்டா?”

அதன்பின் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. காலையில் தாடிக்கொம்புக்குப் பேருந்தேறுவேன். இறங்கி, கோபுரம் வரை நடந்து, அடுத்த பேருந்தில் திரும்புவேன். பிற்பகலில் வத்தலக்குண்டு. ஒரே நடத்துநர் இருமுறை சீட்டுக் கொடுத்துவிட்டு, “என்ன பெரியவரே, எதையும் தொலைச்சுட்டீகளா? சொன்னா நானும் தேடுவேன்ல?” என்றார். சேவுகம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளில் மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மட்டைகள் சாயும் அளவைக் கண்டு, இக்காற்றுக்கு எந்தப் பாயை ஏற்றலாம், எவ்வளவு சுருக்கலாம் என்று மனம் தானாகத் தீர்மானித்தது. ஏழாம் நாள், கத்தரிக்காய் மூட்டையோடு அருகில் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“கை மரத்துப்போச்சாக்கும்?”

“இல்லம்மா, சும்மா.”

“சும்மாவா அந்த வெரல இந்தப் பெசை பெசையிறீக? எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். கையில மம்பட்டி நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றதுக்கு ஒரு வருசம் ஆச்சு மனுசனுக்கு. அதுக்குள்ள காலுல ஒரு வெட்டு.”

கேப்டனிடம் நான் மறைத்த ஒன்றை, முன்பின் அறியாதவர் இரண்டு நிறுத்தங்களுக்குள் கண்டுகொண்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றும் சொல்லவில்லை. அடுத்த இரு நாட்களும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் தம்பியின் கடைக்குச் சென்று, ஒரு வாளித் தண்ணீரும் ஐஸ் கட்டியும் கேட்டேன்.

“எதுக்குண்ணே? சர்பத் கடை போடுறோமா?”

“தென்கடல் தண்ணி இப்படித்தான் இருக்கும். செத்த நேரம் கையை வச்சுட்டு, தச்சுப் பாக்கணும்.”

கால்மணி நேரம் கையை அதில் அமிழ்த்தி வைத்தேன். பிறகு நனைந்த தோல் துண்டொன்றில் ஊசியேற்றித் தைக்கத் தொடங்கினேன். தையல் நேராகவே போயிற்று. ஆறு, ஏழு, எட்டு. எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் அஞ்சினோம் என்று எண்ணினேன்.

“அண்ணே, ரத்தம்” என்றான் தம்பி.

“எங்க?”

அவன் என் கையைச் சுட்டிக்காட்டினான். ஊசி என் பெருவிரலின் சதையில் ஏறி மறுபுறம் வந்திருந்தது. தோலையும் விரலையும் சேர்த்துத் தைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊசியைத் தெரியாத கைக்குக் கயிறும் தெரியாது. காற்று மாறும் கணத்தில் ஒரு கயிறு என் கையிலிருந்து நழுவினால், பாயின் அடிக்கட்டை சுழன்றடித்து, எதிரில் நிற்பவரின் தலை போகும். துணியைச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்தே கேப்டனை அழைத்தேன்.

“எத்தனை நாளாக?” என்று கேட்டார்.

“நீங்கள் அழைப்பதற்கு முன்பிருந்தே.”

“அன்றே சொல்லியிருந்தால் ஆள் தேட எனக்கு இருபது நாட்கள் இருந்திருக்கும், பாதியை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்” என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. அதிலிருந்து நான்காம் நாள், என் இடத்துக்கு ஒரு பெண்மணி சேர்ந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது.

“ஹயாத்து கெட்டியா, உசுரோட இருக்குறப்பவே சொன்னீகளே, அது போதும்” என்றாள் மனைவி. அன்று சோற்றுக்கு வெஞ்சனம் இரண்டு வைத்தாள். நான் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு எழுந்தேன்.

படகு புறப்பட்டு இன்றோடு ஒன்பது நாட்கள். அது இருக்குமிடத்தைப் பந்தயம் நடத்துவோர் தொலைபேசியில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறார்கள். நான்காம் இடத்தில் ஓடுகிறது. நான் போகாததில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். தெருவில் இறங்கி நடக்கிறேன், திரும்புகிறேன், புள்ளியைப் பார்க்கிறேன், மறுபடி நடக்கிறேன்.

படகின் பதிவேட்டில் ஏறியவர்களைப் பற்றி மட்டுமே எழுதுவார்கள். ஏறாமல் நின்றவன் ஏன் நின்றான் என்பதும், அதைச் சொல்ல எத்தனை நாள் தாமதித்தான் என்பதும் வேறெங்கும் இருக்கப்போவதில்லை. ஆகவே இந்தத் தாள்களைக் கிழித்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.