டாக்டர் பாலகுருவின் எதிர்வாசலில்

கிளிஞ்சல்மேட்டு அல்லியின் அக்கா செல்லம் 1975இல் தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். காரைக்காலில் டாக்டர் பாலகுருவின் ஆஸ்பத்திரி. குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. அதற்குப் பிறகு செல்லம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கை ஜில்லிட்டு வேர்த்தது, நாடி படபடத்தது. உதிரம் நிற்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அல்லி ஓடிப்போய்ச் சொன்னபோது பாலகுரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பயத்துல அடிக்குது புள்ள. தூங்கவிடு, சரியாயிடும்."

பொழுது சாய்வதற்குள் செல்லம் போய்விட்டாள். இதயம் பலவீனம் என்று சொல்லி உடலைக் கொடுத்தனுப்பினார் டாக்டர்.

இரண்டு வருடம் கழித்து, புதுச்சேரியில் அல்லிக்கு மருத்துவப் படிப்பில் முதல் வருடம். உடலியல் வகுப்பில் ரத்த இழப்பைப் பற்றிப் பேராசிரியர் விளக்கினார். ரத்தம் குறையும்போது இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போக வேண்டுமென்று தோலின் நாளங்கள் சுருங்கிக்கொள்ளும், அதனால் கை சில்லிடும். தாகம் எடுக்கும். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

அல்லி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அக்காவின் இதயம் பலவீனமாக இல்லை. கடைசிவரை போராடியிருக்கிறது.

பக்கத்திலிருந்த காரைக்கால் தோழி ஆரிபா, "ஏன்டி அழுவுற?" என்றாள்.

"அழல. நான் ஊருக்குப் போயி கேக்குற வரைக்கும் அந்த டாக்டரு சாவக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன்."

விடுமுறைக்கு வந்ததும் நேரே பாலகுருவின் அறைக்குப் போய், அன்றைக்கு நாடியை ஏன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று கேட்டாள். அவர் சிரித்தார். "மொத வருஷப் பாடத்த வச்சுக்கிட்டு எனக்கே சொல்லித்தர வர்றியா?"

அல்லி வெளியே வந்தாள். எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்தாள். வருகிற கர்ப்பிணிகளை அழைத்து மணிக்கட்டில் நாடி பார்க்கக் காட்டிக்கொடுத்தாள். எப்போது பயப்பட வேண்டும் என்று சொன்னாள். அக்காவின் பெயரையும் அவளைச் சாகவிட்டவர் பெயரையும் சொன்னாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கக்கா" என்று திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு விடுமுறையிலும் இதே வேலை.

பாலகுரு வாசலில் கூட்டம் குறைந்தது. ஒருநாள் அவர் கிளிஞ்சல்மேட்டுக்கே காரில் வந்து, வலை உலர்த்திக்கொண்டிருந்த அவள் அப்பா அரசப்பனிடம், "ஒம் மகளக் கூப்பிட்டுக்கய்யா, பொழப்பே போச்சு" என்றார்.

"ஒரு மகள ஒங்ககிட்ட உட்டுட்டுப் பொணமாத் தூக்கிட்டு வந்தேனுங்க. இவள நான் ஏன் தடுக்கணும்?"

அல்லி டாக்டரான வருடம் பாலகுரு ஆஸ்பத்திரியைப் பூட்டினார். மாயவரத்தில் போர்டு மாட்டியிருக்கிறார் என்று ஆரிபாதான் வந்து சொன்னாள். "போதும் அல்லி, விட்டுரு."

"எந்தத் தெருன்னு கேட்டியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாயவரம் பஸ் ஏறினாள். அங்கே மரம் இல்லை. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடை பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள்.