எல்லா வீட்டிலும் ஒரே மூடி

போன வாரம் எங்கள் எதிர்வீட்டில் கிரைண்டர் நின்றுபோனது. ரிப்பேரா? இல்லை. கரன்ட் கட்டா? அதுவும் இல்லை. தண்ணீர் இல்லை!

ஆவடி தாண்டி வெள்ளானூர் பக்கம், புதிதாக முளைத்த தெரு எங்களுடையது. எதிர்வீட்டு கோமதி இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறவர். உதவிக்கு லட்சுமி என்று ஒரு பெண். இன்னொரு கிரைண்டர் வாங்கி, மேலும் இரண்டு பேரைச் சேர்க்கும் யோசனையில் இருந்தார். பொருளாதார வளர்ச்சி என்று மேடையில் முழங்குகிறார்களே... எங்கள் தெருவில் அது இந்த சைஸில்தான் இருந்தது.

"போர்ல காத்துதான் சார் வருது. லாரித் தண்ணி வாங்கி மாவாட்டினா எனக்கு இன்னா நிக்கும்? லட்சுமிய நிறுத்திடலாம்னு கீறேன்" என்றார் கோமதி.

தெருமுனையில் உறை இறக்கி, மழைநீர் நிலத்துக்குள் இறங்கி போர் ஊற ஒரு கிணறு வெட்டித் தரக் கேட்போம் என்று இருவரும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"உங்க தெருவுக்கு எதுக்கும்மா? எல்லா வீட்லயும் மழைநீர்க் குழி இருக்கே!"

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். வீடு கட்டியபோது அனுமதிக்காக எடுத்த போட்டோக்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழாய், ஒரு நீல மூடி. மூடியின் ஓரம் உடைந்திருந்தது — எல்லாப் படத்திலும், அதே இடத்தில்!

விஷயம் புரிந்துவிட்டது. மொத்தத் தெருவையும் கட்டி விற்ற கான்ட்ராக்டர், ஒரே மூடியை வீடு வீடாக வைத்துப் படம் பிடித்திருக்கிறார். அடியில் குழியே வெட்டவில்லை. நேரில் வந்து பார்க்க வேண்டியவருக்குக் கவர் போயிருக்கும். கொடுத்தவருக்கு வீடுகள் விற்றன, வாங்கியவருக்குப் பை நிறைந்தது. நடுவில் லட்சுமி என்ன பாவம் செய்தாள்? கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

"வெறும் மூடிதான் சார், குழி கிடையாது" என்றேன்.

"ரெக்கார்டுல இருக்கே சார். இருக்கற தெருவுக்கு இன்னொண்ணு சாங்ஷன் ஆகாது."

கோமதி ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த மூடி இப்ப யார் ஊட்ல கீது சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது நல்ல மழை. கணுக்கால் அளவு தண்ணீர் தெருவில் ஓடி, நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கோமதி வீட்டு வாசலில் லட்சுமி கூரைத் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு வரட்டுமா?"

கோமதி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

ரெக்கார்டில் தேடினால், லட்சுமிக்கும் வேலை இருக்கும்!