ஒன்று புள்ளி பத்து

ராமகுப்பத்தில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். கூடு நிறுக்கும் நாளில் எலக்ட்ரானிக் தராசைப் படிப்பது என் வேலை. 21.9 என்றால் இருபத்திரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட. 21.10 என்றால் இருபத்தொன்றும் சொச்சமும். இதில் நான் ஒருநாளும் தப்பியதில்லை. அந்தக் கர்வம்தான் பிற்பாடு காலை வாரிவிட்டது.

படிப்பு முடிந்து திருப்பதியில் ஒரு சின்ன வெப்சைட் ஆபீசில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் பெங்களூர் போயிருந்தார்கள். ஆபீசில் மொத்தம் மூன்று பேர்: முதலாளி, நான், பாகாலாவிலிருந்து தினமும் ரயிலில் வரும் அக்கா ஒருவர். லாட்ஜுகளுக்கு ரூம் புக் செய்யும் வெப்சைட் போட்டுக் கொடுப்போம். மென்பொருள் சும்மா கிடைப்பது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். அதோடு சேர்க்கிற ப்ளகின் என்கிற துண்டு மென்பொருள்களும் அப்படியே. ஆனால் அவற்றுக்குப் பதிப்பு நம்பர் போட்டவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். ஒருவனுடைய 2.0, இன்னொருவனுடைய 0.8-ஐவிடப் பழசாக இருக்கும்.

அக்காவுக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றில் இண்டர்வியூ வந்தது. தான் செய்த லாட்ஜ் வெப்சைட்டை அங்கே திறந்து காட்ட வேண்டும். முந்தின நாள் மதியமே கிளம்பிவிட்டார். நான் சும்மா இருக்காமல் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். புக்கிங் ப்ளகின் 1.10 என்று காட்டியது. ஆபீஸ் சிடியில் 1.9 இருந்தது. ஐயோ பாவம், பழசை வைத்துக்கொண்டு போகிறாரே என்று 1.9-ஐ ஏற்றினேன். நல்லது செய்துவிட்ட நினைப்பில் கீழே இறங்கி டீ குடித்தேன்.

அது தராசுப் புள்ளி இல்லை. ஒன்பதாவதற்கு அடுத்தது பத்தாவது, அவ்வளவுதான். நான் ஏற்றியதுதான் பழசு, வெப்சைட்டின் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகவில்லை. இண்டர்வியூவில் புக்கிங் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. அந்த பெங்களூர் வேலை அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த அக்கா, "நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டன் போல சார்" என்று முதலாளியிடம் சொன்னார். நான் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

பல வருஷம் கழித்து திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நலம் விசாரித்து முடிந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. யாரு எப்ப மாத்துனதுன்னு வெப்சைட்லயே பதிவாயிருக்கும். திரும்பி வந்த அன்னிக்கே உன் பேரைப் பாத்தன்."

"அப்புறம் ஏங்கா சொல்லல?"

"சொன்னா சார் அன்னிக்கே உன்னை வேலைய விட்டு அனுப்பிச்சிருப்பாரு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தன். நீ பெங்களூர் போற வரைக்கும் பாத்தன்."