பின்சக்கரத்து ரிம்

பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரும் என் வீட்டில் உலை வைக்க வரவில்லை. அதனால் நானும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்கிற வாயும் எனக்குக் கிடையாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் தலை தானாகக் குனிந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் ஒரு ரொட்டிக் கடையிலிருந்து பங்களாக்களுக்குக் காலையில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுவது என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. பிளம்ஸ் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டார். அவர் கட்டோடு படுத்த பிறகு சைக்கிளை நான் எடுத்தேன். மூட்டம் இறங்கி ஆள் முகம் தெரியாத நேரமாகப் பார்த்து ஓட்டிப் பழகினேன். பிறகு பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு நானே ரொட்டி போட ஆரம்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இறக்கத்தில் பின்சக்கரம் மடங்கிவிட்டது. பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம் தகரம் போல மெலிந்து, கம்பி மாட்டுகிற ஓட்டை ஓரமாகக் கிழிந்திருந்தது. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே மீதி வீடுகளுக்குப் போட்டேன். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. ரொட்டிக் கடை முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு நான் எப்பிடியும் சமாளிச்சுக்கிறேன். ஞாயித்துக்கெழம வெள்ளனே சைக்கிளோட வந்து நில்லு. இல்லேன்னா எங்க அக்கா மகன்கிட்டக் குடுத்துருவேன். அவனும் சோலி இல்லாமத்தான் கெடக்கான்."

அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

ஏரிப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துப் பேசினார்.

"வீட்டுக்காரர வரச் சொல்லும்மா. வீல் வேலையெல்லாம் பொம்பளகிட்டப் பேசி ஆகாது."

"அவருக்குக் கால்ல கட்டு."

"அப்பக் கட்டுப் பிரிச்சதும் வரட்டும்."

"ரிம்ம மட்டும் குடுங்க. நாங்க கம்பி கோத்துக்கிறோம்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காசை வாங்கிக்கொண்டு, மேலே தொங்கிய ஒரு ரிம்மை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் படுத்தபடியே வழி சொன்னார். பழைய ரிம்மோடு புது ரிம்மைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். கிழிந்த சேலைத் துணியால் இரண்டையும் கட்டினேன். ஓட்டைக்கு நேரே ஓட்டை வரவில்லை. அவர் வாங்கிப் பார்த்தார்.

"முன் ரிம்மத் தூக்கிக் குடுத்திருக்கான், புள்ள. பாரம் பின்னாடிதான ஏறுது? அதனால பின் சக்கரத்துக்குக் கம்பி கூட, ஓட்டையும் கூட."

"மாத்திட்டு வாறேன்."

"நீயா? அங்க போயித் தூணு மாதிரி நிப்ப."

மறுநாள் காலையில் பழைய சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு போய்த் தூண் மாதிரித்தான் நின்றேன். சனிக்கிழமை, சீசன் நேரம். வாடகைச் சைக்கிளுக்கு வெளியூர்க்காரர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பின் ரிம் வேணும்," என்றேன்.

"இருந்தாத்தானம்மா. இந்த மலையில எவன் முன் பிரேக்கப் புடிக்கான்? தலகுப்புற விழுந்துருவோம்னு எல்லாப் பயலும் பின் பிரேக்கையே புடிக்கானுக. பின் ரிம்மு வந்த அன்னைக்கே போயிரும். முன் ரிம்முதான் வாங்க ஆளில்லாமத் தொங்குது."

"அப்ப நேத்து ஏன் இதக் குடுத்தீங்க?"

"நீ என்ன கோக்கவா போறேன்னு நெனச்சேன்."

ரிம்மை அவர் உட்காருகிற ஸ்டூலின் மேல் வைத்தேன். அவருக்கு உட்கார இடமில்லை.

"ஓரமா நில்லும்மா, யாவாரம் கெடுது."

"வாங்குன காசக் குடுங்க. போயிர்றேன்."

கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அப்படியே வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். அதுவரை தனியாக மலை இறங்கியதில்லை. வத்தலக்குண்டில் மூன்றாவது கடையில் பின் ரிம் கிடைத்தது. வாங்குவதற்கு முன், கொண்டுபோயிருந்த பழைய சக்கரத்தை அதன் மேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்தேன். சுமை குறையட்டும் என்று சக்கரத்தைப் பிரித்து, கம்பிகளையும் நடுக்குடத்தையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பழைய ரிம்மை அங்கேயே போட்டுவிட்டேன்.

திரும்பும்போது கண்டக்டர் மறித்தார்.

"ரிம்ம மேல ஏத்தும்மா."

"மேல போட்டா மூட்டை விழுந்து மடங்கிரும்."

"அப்ப எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

"என் தலையில," என்று சொல்லி ரிம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேரட்டை இறக்கிவிட்டு வெறுஞ்சாக்குகளோடு திரும்பிய ஒரு பெரியவர், "பொண்ணு மாலை போட்டுருச்சு, மாப்பிள்ளை எங்கப்பா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் தலை குனியவில்லை. குனியவும் முடியாது, ரிம் தாடையில் இடித்தது.

சக்கரத்தைப் பிரித்துப் பழைய ரிம்மை வத்தலக்குண்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றதும் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எதோடு சேர்த்துக் கட்டி மாற்றுவது? கழற்றிக் கொண்டுவந்த கம்பிகள் குவியலாகக் கிடந்தன. முன்சக்கரத்தைக் கழற்றி எதிரே சாய்த்து வைத்தேன். ஒரு கம்பி எதன் மேல் ஏறி எதன் கீழ் போகிறது என்று அதைப் பார்த்துப் பார்த்துக் கோத்தேன். ஒருமுறை தப்பாகிப் பாதியைப் பிரித்தேன். பிறகு சைக்கிளைக் கவிழ்த்துச் சக்கரத்தை மாட்டி, அடுப்புக்கரியை ரிம் ஓரத்தில் பிடித்துச் சுற்றினேன். கரி பட்ட இடம்தான் கோணல்; அங்கே கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கம் குறடால் முறுக்கினேன். கொஞ்சம் ஆட்டம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

"போதும் விடு, பிரேக்குல ஒரசல," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா மகன் எனக்கு முன்பே வந்திருந்தான். ரொட்டிப் பெட்டி அவன் கேரியரில் ஏறிவிட்டது. முதலாளி என் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆடுதேம்மா."

"ஆடும். விழாது."

"யாரு கோத்தது?"

"நாந்தான்."

அவர் மருமகனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். அவர்கள் ஏதாவது சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அவன் கேரியரில் கயிறு இறுகிக் கிடந்தது. குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். பெட்டி இன்னும் சூடாக இருந்தது. தூக்கி என் கேரியரில் வைத்து, அவன் கயிற்றாலேயே கட்டி, சைக்கிளை வாசல் கதவுப் பக்கம் திருப்பினேன்.

"ஏலே, அக்காவுக்குக் கதவத் தெறந்து விடுறா," என்றார் முதலாளி.